நாடுகள் மஞ்சள் கடுதாசி கொடுக்க முடியாது

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வியாபாரி கடனில் மூழ்கிவிட்டால் "அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்" என்பார்கள். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், மானம் போன விஷயம் என்பதால். ஆனால் அந்தக் கடுதாசிக்குப் பின்னால் இருப்பது ஒரு சட்டம். "என்னால் கட்ட முடியவில்லை, என்னிடம் இருப்பது இவ்வளவுதான்" என்று கடன்பட்டவர் நீதிமன்றத்தில் மனு போடுகிறார். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால், கடன் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க முடியாது. இருக்கிற சொத்தை நீதிமன்றம் நியமித்த அதிகாரி கையில் எடுத்து, கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். அப்புறம் அந்த மனிதர் மறுபடி தொழில் தொடங்க ஒரு வழி பிறக்கும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொரு சட்டப்பிரிவு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆவது பிரிவு. கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று அது ஒரு பட்டியல் போடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், உழவரின் மாடும் விதைநெல்லும், சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை. அதாவது தாலி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இவ்வளவு இடம் இருந்தது.

ஒரு நாடு கடனில் மூழ்கினால் இதில் எதுவுமே கிடையாது. மனு போட நீதிமன்றம் இல்லை. வழக்குகளை நிறுத்திவைக்கும் உத்தரவு இல்லை. தொடக் கூடாதவை எவை என்ற பட்டியலும் இல்லை. உலக அளவில் கடன் பற்றி இப்போது நடக்கும் வாதங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஓட்டைக்குத்தான் வந்து சேர்கின்றன. இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2022 ஜனவரி 18 அன்று இலங்கை அரசு 50 கோடி டாலரை வெளிநாட்டுப் பத்திரதாரர்களுக்குக் கட்டியது. இலங்கையில் இந்தப் பத்திரங்களை முறிகள் என்பார்கள். முதிர்வுத் தேதி வந்துவிட்டது, அதனால் கட்டினார்கள். நாட்டின் டாலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த நேரம் அது. சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடு தொடங்கியிருந்தது. இந்தத் தொகையைக் கட்டாதீர்கள், மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொண்டு கடன்காரர்களிடம் பேசத் தொடங்குங்கள் என்று பொருளாதார வல்லுநர்கள் பலர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். அரசு கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகு அந்த நாடு கடன் தவறியது அதுதான் முதல் முறை. கட்டத் தவறிய வட்டிக்குத் தரப்பட்ட சலுகைக் காலமும் மே 18இல் முடிந்தது. அதே நாளில்தான் தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது.

ஜனவரியில் கட்டிய அந்த 50 கோடியை வெறும் முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வியாபாரிக்குக் கடுதாசி கொடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு நிதியமைச்சருக்குத் தெரியாது. பேச்சு எத்தனை ஆண்டு இழுக்கும், யார் எங்கே வழக்குப் போடுவார்கள், எண்ணெய்க் கப்பல் வருமா என்று எதுவும் தெரியாது. அதனால் கடைசி டாலர் வரை கட்டிப் பார்க்கிறார்கள். நாடுகளின் கடன் மறுசீரமைப்பு பெரும்பாலும் மிகத் தாமதமாகவும் மிகக் குறைவாகவும் நடக்கிறது என்று சர்வதேச நாணய நிதியமே 2013இல் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இலங்கையின் தவறுகளை மறைக்க வேண்டியதில்லை. 2019 கடைசியில் வரிகளைக் கண்மூடித்தனமாகக் குறைத்தார்கள். மதிப்புக் கூட்டு வரி மட்டும் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை போட்டார்கள். இவை உள்நாட்டில் எடுத்த முடிவுகள். "எல்லாம் சீனக் கடன் பொறி" என்று நம் தொலைக்காட்சிகளில் சொன்னது அரைகுறைக் கதை. அரசின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதைவிடப் பெரிய பங்கு, 2007 முதல் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்கள். வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு, வாங்கியவர்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் உள்ள முதலீட்டு நிறுவனங்கள். தவறியபோது அந்தப் பத்திரங்களில் நின்ற அசல் மட்டும் 1,255 கோடி டாலர்.

சரி, கட்ட முடியவில்லை என்று சொல்லியாகிவிட்டது. அடுத்து எங்கே போவது?

முதலில் நாணய நிதியம். கடன் தாங்கும் அளவில் இல்லாத நாட்டுக்கு நிதியம் எடுத்த எடுப்பில் பணம் தராது. மற்றக் கடன்காரர்கள் "நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம்" என்று உறுதி தர வேண்டும். இலங்கைக்கும் நிதியத்தின் அலுவலர்களுக்கும் 2022 செப்டம்பர் 1 அன்றே உடன்பாடு ஆகிவிட்டது. இந்தியாவின் உறுதிக் கடிதம் 2023 ஜனவரியில் போனது. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி மார்ச்சில்தான் முழுதாக இறங்கி வந்தது. மார்ச் 20 அன்று ஏறத்தாழ 300 கோடி டாலர் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் தந்தது. இடையில் ஆறரை மாதம். அந்தக் காத்திருப்பு தொடங்கிய செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டிருந்தது. கடிதங்கள் வந்து சேரும்வரை யாருடைய அடுப்பு காத்திருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் கடன் கொடுத்த நாடுகள். 1956இல் அர்ஜென்டினாவின் கடனைப் பேசிமுடிக்கக் கூடியதிலிருந்து 'பாரிஸ் கிளப்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. பழைய பணக்கார நாடுகள் ஓர் அறையில் உட்கார்ந்து கடன்பட்ட நாட்டோடு பேசும் இடம். நீதிமன்றமல்ல, கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கம். இன்று பெரிய அளவில் கடன் கொடுக்கும் சீனாவும் இந்தியாவும் அதில் உறுப்பினர் இல்லை. அதனால் 2020 நவம்பரில் ஜி20 நாடுகள் 'பொதுச் சட்டகம்' என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தன, சீனாவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்காக. ஆனால் அது ஏழை நாடுகளுக்கு மட்டும். நடுத்தர வருமான நாடு என்பதால் இலங்கை அதற்குள் நுழைய முடியவில்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமை ஏற்று ஒரு தனிக் குழுவை அமைத்தன. சீனா அதில் சேராமல் தனியாகப் பேசியது. ஒரே கடன்பட்டவர், இரண்டு மேசை. பத்திரதாரர்களையும் சேர்த்தால் மூன்று.

உள்ளே நுழைய முடிந்தவர்களின் கதையும் சுகமாக இல்லை. ஜாம்பியா 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் தவறியது. கடன் கொடுத்த நாடுகளோடு உடன்பாடு எட்ட 2023 ஜூன் ஆனது. பிறகு பத்திரதாரர்களோடு பேசி முடித்ததை, "அவர்கள் எங்கள் அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை" என்று சொல்லி அந்த நாடுகள் நவம்பரில் தள்ளிவிட்டன. பத்திரங்களின் கணக்கு 2024 ஜூனில்தான் தீர்ந்தது. மூன்றரை ஆண்டு. அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் தென்பகுதியைத் தாக்கிய கடும் வறட்சியும் ஜாம்பியாவின் சோள விளைச்சலை அழித்துவிட்டது.

நீதிமன்றமே இல்லை என்று மேலே சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். கடன்பட்ட நாட்டுக்குத்தான் இல்லை. கடன் கொடுத்தவருக்கு உண்டு. வளரும் நாடுகள் விற்கும் டாலர் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்தையோ இங்கிலாந்துச் சட்டத்தையோ ஏற்று எழுதப்படுகின்றன. தகராறு வந்தால் அங்கே வழக்குப் போடலாம். இதையே தொழிலாகச் செய்யும் நிதிகளுக்குக் கழுகு நிதிகள் என்று பெயர். முறிந்துபோன கடனை அடிமாட்டு விலைக்கு வாங்கி, முழுத்தொகையும் வட்டியும் கேட்டு வழக்காடுவார்கள். 1979இல் ருமேனியா ஜாம்பியாவுக்கு டிராக்டர்களைக் கடனுக்குக் கொடுத்தது. அந்தக் கடனை 1999இல் ஒரு நிறுவனம் ஏறத்தாழ 33 லட்சம் டாலருக்கு வாங்கி, 5.5 கோடி டாலர் கேட்டு லண்டனில் வழக்குப் போட்டது. 2007இல் நீதிமன்றம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அதிலிருந்து எழுந்த கோபத்தில்தான் 2010இல் பிரிட்டன், மிக ஏழையான நாடுகளை இப்படிப் பிழிவதைத் தடுத்து ஒரு சட்டம் போட்டது.

அர்ஜென்டினா 2001இல் தவறியபோது, பத்திரதாரர்களில் நூற்றுக்கு 93 பேர் அளவுக்குக் காலப்போக்கில் தள்ளுபடியை ஏற்றுக்கொண்டார்கள். மறுத்தவர்கள் நியூயார்க்கில் வழக்காடினார்கள். 2012 அக்டோபரில் கானாவின் தேமா துறைமுகத்துக்கு வந்த அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பல் 'லிபர்டாட்', இந்தக் கடனுக்காகவே அங்கே பிடித்துவைக்கப்பட்டது. ஒரு நாட்டின் போர்க்கப்பலையே ஜப்தி செய்கிறார்கள்! கடல்சட்டத் தீர்ப்பாயம் தலையிட்டு டிசம்பரில் விடுவிக்கச் சொன்னது. ஆனால் பண விஷயத்தில் கழுகுகள்தான் ஜெயித்தன. மறுத்தவர்களுக்குக் கொடுக்காமல், ஏற்றுக்கொண்டவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்று நியூயார்க் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2016இல் புதிய அரசு பணிந்தது. முன்னணியில் நின்ற நிதி மட்டும் ஏறத்தாழ 228 கோடி டாலர் பெற்றது.

இலங்கைக்கும் இது நேர்ந்தது. 2022 ஜூலையில் முதிர்வடைய வேண்டிய ஒரு பத்திரத்தில் 25 கோடி டாலருக்குச் சற்று அதிகமான பங்கை கரீபியனில் உள்ள செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் நாட்டில் பதிவான ஹாமில்டன் ரிசர்வ் வங்கி வாங்கிவைத்திருந்தது. அந்தப் பத்திரத்தின் மொத்தத் தொகை 100 கோடி. 75 சதவீதம் பேர் சம்மதித்தால்தான் எல்லோரையும் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் விதி. கால் பங்குக்குமேல் ஒருவரே வைத்திருந்தால் கதவு அடைபட்டுவிடும். நாடு தவறிய சில வாரங்களிலேயே அந்த வங்கி நியூயார்க்கில் வழக்குப் போட்டது. மறுசீரமைப்பு நடக்கும்வரை வழக்கை நிறுத்திவைக்கலாம் என்று அமெரிக்க அரசே, பிரிட்டனையும் பிரான்ஸையும் சேர்த்துக்கொண்டு, நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அந்தத் தடை ஒரு சட்டத்தால் வந்த உரிமையல்ல. ஒரு நீதிபதி பார்த்துக் கொடுத்தது.

வெளிநாட்டுக் கடன்காரர்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க, ஒரு கூட்டத்தின் கணக்கு மட்டும் மளமளவென்று தீர்ந்தது. என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம் இது.

இலங்கையில் தனியார் துறையில் வேலை செய்பவர்களின் ஓய்வுக்காலப் பணம் ஊழியர் சேமலாப நிதியத்தில் சேர்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்ணின் பணமும் அதில்தான், ஹட்டனில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்ணின் பணமும் அதில்தான். அந்த நிதியம் தன் பணத்தில் மிகப் பெரும்பகுதியை அரசின் உள்நாட்டு முறிகளில் போட்டு வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் அவர்களும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள்தான்.

2023 ஜூன் கடைசியில் வங்கிகளுக்குத் தொடர்ந்து ஐந்து நாள் விடுமுறை வந்தது. அந்த இடைவெளியில், ஜூலை 1 சனிக்கிழமை, நாடாளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் தந்தது. சேமலாப நிதியம் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, நீண்ட காலம் கழித்து முதிரும் புதிய முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டி முதலில் 12 சதவீதம், சில ஆண்டில் 9 சதவீதமாக இறங்கும். சம்மதிக்காவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. சம்மதம் கேட்ட முறை இது. வங்கிகளிடம் இருந்த முறிகளை இதில் தொடவில்லை. அவை ஏற்கெனவே நொந்துபோயிருக்கின்றன, விழுந்தால் மக்களின் வைப்புப்பணமும் போகும் என்று அரசு சொன்னது. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். முந்தைய ஆண்டின் விலைவாசி ஏற்றம் அந்தத் தொழிலாளர்களின் சேமிப்பின் பெறுமதியை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது. இப்போது வரப்போகும் வட்டியும் குறைகிறது. மேசையில் அவர்களுக்கு வழக்கறிஞரும் இல்லை, நிதி ஆலோசகரும் இல்லை. ஹாமில்டன் வங்கிக்கு நியூயார்க் இருந்தது. கொழுந்து பறிப்பவருக்கு எந்த ஊர்?

வெளிநாட்டார் பக்கம், 2024 ஜூன் 26இல் கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடு 580 கோடி டாலருக்கும், சீனாவின் வங்கியோடு 420 கோடி டாலருக்கும் உடன்பாடு ஆனது. அசல் தவணைகள் 2028 வரை தள்ளிப்போயின. தனியார் பத்திரங்கள் அந்த டிசம்பரில் மாற்றப்பட்டன. அசலில் 27 சதவீதம் வெட்டு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. 2025 முதல் 2027 வரை இலங்கையின் மொத்த உற்பத்தி, டாலர் கணக்கில், எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் வெட்டு குறையும், நாடு கூடுதலாகக் கட்ட வேண்டும். நாடு கொஞ்சம் தலையெடுத்தால் அதிலும் ஒரு பங்கு கடன்காரருக்குப் போகும் என்று பொருள்.

இந்த ஓட்டையை அடைக்க யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். 2001 நவம்பரில் நாணய நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன் க்ரூகர், நாடுகளுக்கும் நொடிப்புச் சட்டம்போல ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். பேசும்வரை வழக்குகளுக்குத் தடை, பெரும்பான்மை ஏற்றால் எல்லோருக்கும் கட்டு. அமெரிக்க நிதித்துறையும் வால் ஸ்ட்ரீட்டும் எதிர்த்தன. பிரேசில், மெக்சிகோ போன்ற கடன் வாங்கும் நாடுகளும் தயங்கின. தவறுவது எளிதானால் நமக்கு வட்டி ஏறிவிடுமே என்ற பயம் அவர்களுக்கு. 2003 ஏப்ரலில் திட்டம் பரணில் ஏறியது. அதற்குப் பதிலாகப் பத்திரங்களிலேயே பெரும்பான்மை விதிகளை எழுதும் வழக்கம் வந்தது. 2014க்குப் பிறகு அந்த விதிகள் வலுவடைந்தன, எல்லாப் பத்திரங்களையும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்தலாம். 2022இல் முதிர வேண்டிய இலங்கையின் அந்தப் பத்திரம் அதற்கு முன்பே விற்கப்பட்டது. அதனால்தான் ஹாமில்டன் நுழைந்தது.

ஐநா பொதுச்சபையிலும் இது வந்தது. அர்ஜென்டினாவின் அனுபவத்துக்குப் பிறகு, 2014 செப்டம்பரில், கடன் மறுசீரமைப்புக்கு ஒரு பன்னாட்டுச் சட்டகம் வேண்டும் என்ற தீர்மானத்தை 124 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன. அடுத்த ஆண்டு அடிப்படைக் கோட்பாடுகளை முன்வைத்த தீர்மானத்துக்கு 136 ஆதரவு. எதிர்த்தவை ஆறுதான்: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், கனடா, இஸ்ரேல். யாருடைய நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றனவோ அந்த இரண்டு நாடுகளும் ஆறில் இருக்கின்றன. அதனால் தீர்மானம் தாளோடு நின்றது.

ஐநாவில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. நாணய நிதியத்தில் பணத்துக்குத்தான் வாக்கு. அமெரிக்காவின் வாக்கு ஏறத்தாழ 16.5 சதவீதம், அடிப்படை மாற்றங்களுக்கு 85 சதவீதம் தேவை. ஆக அமெரிக்கா வேண்டாம் என்றால் எதுவும் அசையாது. இலங்கைக்குச் செயற்குழுவில் தனி நாற்காலிகூட இல்லை. இந்தியா, வங்கதேசம், பூடான், இலங்கை நான்குக்கும் சேர்த்து ஒரே இடம். பேச்சு எங்கே நடக்க வேண்டும் என்பதில் பணக்கார நாடுகள் பிடிவாதமாக இருப்பதற்கும், ஏழை நாடுகள் ஐநாவுக்கே திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் இந்த வாக்குக் கணக்குதான்.

2025 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை ஸ்பெயினின் செவில் நகரில் வளர்ச்சிக்கான நிதி பற்றிய ஐநா மாநாடு நடந்தது. அமெரிக்கா விலகிக்கொண்டது. ஆப்பிரிக்க நாடுகளும் மக்கள் இயக்கங்களும் கேட்டது சட்டபூர்வமான ஓர் உடன்படிக்கை. கிடைத்தது, கடன் அமைப்பின் குறைகளைப் பற்றி ஐநாவில் அரசுகள் கூடிப் பேசும் ஒரு தொடக்கமும், கடன் வாங்கும் நாடுகள் தங்களுக்குள் கலந்துகொள்ள ஒரு மேடையும். அந்த மேடையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கடன் கொடுத்தவர்களுக்கு 1956லிருந்து சங்கம் இருக்கிறது, வாங்கியவர்களுக்கு இப்போதுதான். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 340 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று ஐநாவின் வணிக வளர்ச்சி அமைப்பு அந்த ஆண்டு கணக்குச் சொன்னது.

வட்டி ஏறிவிடும் என்ற பயத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இன்றைய ஏற்பாட்டில் மட்டும் வட்டி குறைவா? ஆபத்து அதிகம் என்று சொல்லித்தான் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி வாங்குகிறார். அந்த ஆபத்து நேரும்போது இழப்பில் பங்கேற்க மறுப்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது.

இது நடக்காத காரியமும் அல்ல. 1953 பிப்ரவரியில் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடன்கள் பேசித் தீர்க்கப்பட்டன. போரில் தோற்று எட்டே ஆண்டு ஆன நாடு. ஏறத்தாழ பாதிக் கடன் தள்ளுபடி ஆனது. மீதியை ஏற்றுமதி வருமானத்திலிருந்து தாங்கும் அளவுக்குக் கட்டினால் போதும் என்றார்கள். தகராறு வந்தால் தீர்க்க ஒரு நடுவர் தீர்ப்பாயமும் அமைத்தார்கள். நாடுகளுக்கு இல்லை என்று நாம் இன்று சொல்லும் எல்லாமே அதில் இருந்தது. கடன் கொடுத்தவர்கள் பக்கம் கையெழுத்திட்ட சுமார் இருபது நாடுகளில் பெல்ஜியம், கனடாவுக்கு அடுத்து மூன்றாவது பெயர் சிலோன். அன்று இலங்கை விட்டுக்கொடுத்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. 2015இல் ஐநாவில் எதிர்த்து வாக்களித்த ஆறில் ஒன்று ஜெர்மனி.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையகத்தில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. கரீபியன் தீவான கிரெனடா தன் கடன் பத்திரத்தில் புயல் அடித்தால் தவணையை ஒத்திவைக்கலாம் என்று ஒரு பிரிவை எழுதிவைத்திருந்தது, 2024இல் பெரில் புயலுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தியும் கொண்டது. இலங்கையின் புதிய முறிகளில் அளவுகோல் டாலரில் கணக்கிடும் உற்பத்தி. மலை சரிந்ததா, எத்தனை குடும்பம் முகாமில் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. 2027 முடிந்ததும் மூன்று ஆண்டுச் சராசரியை எடுப்பார்கள். 2028இல் நாடுகளுக்கான தவணைகளும் தொடங்கும். பதுளையிலும் நுவரெலியாவிலும் வீடிழந்தவர்களுக்கு அதற்குள் நிலமும் கூரையும் கிடைத்திருக்க வேண்டும். அந்தப் பணமும் இந்தத் தவணையும் ஒரே கஜானாவிலிருந்துதான் போக வேண்டும்.